இருபது பச்சையும் ஒரு கட்டம் போட்ட சேலையும்

“…அதுக்கு இல்லம்மா, நீ பாட்டுக்கு வெள்ளத் துணியச் சுத்துறியே, எங்க வூட்டுக்காரரு வெளியதான் டீ குடிச்சிக்கினு நிக்கிறாரு. உள்ள வந்து பாத்தாருன்னா என்னா நெனைப்பாரு?”

“ஒண்ணும் நினைக்க மாட்டாருங்க. நீங்க கையை மட்டும் இறக்கிடாதீங்க” என்றேன் நான்.

வருங்கால மாமியாரிடம் இப்படிப் பேசியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு சுமங்கலியைக் கழுத்து முதல் கால் வரை வெள்ளைத் துணியால் சுற்றி, கையில் ஓர் அட்டையைக் கொடுத்துச் சிலை மாதிரி நிறுத்தி வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா என்று எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் விட்டிருப்பாயா என்று கேட்காதீர்கள். அட்டை பிடிக்க அன்று எனக்கு வேறு ஆள் இல்லை.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மந்தாரக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். ரிடையர் ஆக நான்கே மாதம் பாக்கி. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊரைப் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தது. “குவார்ட்டர்ஸ்ல இருக்கும்போதே கல்யாணத்தை முடிச்சிடணும். பந்தல் போட இவ்வளவு இடம் வெளியே எவன் கொடுப்பான்?” என்பாள் அம்மா. கல்யாணத்தைவிடப் பந்தலுக்குத்தான் அவள் அதிகம் கவலைப்பட்டாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதற்கு முன்பு ஆறு குடும்பங்கள் வந்து, பஜ்ஜி தின்று, கை கழுவிக்கொண்டு போயிருந்தன. காரணம் நான்தான். கூடத்தில் பாதி பிரித்த டிவி கிடக்கும், சமையல்கட்டில் பாதி பிரித்த மிக்ஸி கிடக்கும். அப்பா வேறு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: “எம் பொண்ணு எதைக் கொடுத்தாலும் பிரிச்சிடுவா. திரும்ப மாட்டத்தான் ஆள் வெக்கணும்.” வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆறாவது குடும்பம் போன அன்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “ஏழாவதுதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா நீயும் உன் ஸ்க்ரூ டிரைவரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு இருங்க.”

ஏழாவது குடும்பம் குறிஞ்சிப்பாடி. பையன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் அம்மா அங்கன்வாடி டீச்சர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், கோயிலிலோ பஸ் ஸ்டாண்டிலோ வைத்துப் பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு நோட்டம் பார்த்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, பஜ்ஜி மாவும் மிச்சம். தரகரும் அம்மாவும் கூடிப் பேசி, சனிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸ் கிளப் ஹாலில் வைத்து என்னைக் காட்டுவதென்று முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை. “நல்ல சேலையா கட்டிக்கிட்டுப் போடி. அஞ்சு மணிக்குப் பூ எடுத்துக்கிட்டு வர்றேன்” என்று மட்டும் அம்மா சொன்னாள். கிளப்பில் வேலை செய்யப் போகிறவளுக்குப் பூ எதற்கு என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பழைய சுடிதாரில், தலையெல்லாம் தெர்மாகோல் துகளோடு போனேன்.

கிளப் ஆண்டு விழாவுக்கு நான் செய்துகொண்டிருந்தது ஒரு சுரங்கம். தெர்மாகோலைப் படிப்படியாக வெட்டி, வெள்ளை அடித்து, ஒரு கட்டில் அகலத்துக்கு மைன்ஸ் மாதிரி கட்டியிருந்தேன். மேலே ஒரு புரொஜெக்டர் தொங்கும். அது அந்த வெள்ளைப் படிகளின் மேல் செம்மண், களிமண், மணல் என்று அடுக்கடுக்காக நிறத்தைக் காட்டும். பக்கத்தில் ஒரு டெப்த் கேமரா. வீடியோ கேமுக்காக வந்த சாமான்தான் அது. எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லும். பார்க்க வருகிறவர் படி மேல் கையை வைத்துத் தள்ளினால் மண் விலகி, அடியிலிருந்து பழுப்பு நிலக்கரி தெரியும். மைன்ஸுக்குப் போகாமலே நிலக்கரி வெட்டலாம். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. ஆறு மணிக்குத் திறப்பு.

எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கேமராவுக்கு ஒரு கண், புரொஜெக்டருக்கு ஒரு கண். கேமரா ‘கை இங்கே இருக்கிறது’ என்று சொல்லும். புரொஜெக்டர் ஒரு முழம் தள்ளி மண்ணை விலக்கும். சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் ஆளுக்கொரு முகூர்த்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. இரண்டையும் உட்கார வைத்துப் பேசி ஒத்துப்போக வைப்பதற்குப் பேர்தான் கேலிபரேஷன். ஒருவர் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புரொஜெக்டர் அதன் மேல் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போடும். கேமரா கட்டங்களைக் கண்டுபிடித்தால் லேப்டாப்பில் பச்சை வரும். கிட்டத்தில், தூரத்தில், சாய்த்து, உயர்த்தி என்று இருபது பச்சை வாங்க வேண்டும். அசைந்தால் போச்சு.

அட்டை பிடிக்க வருகிறேன் என்று சொன்ன அப்பாவை அன்றைக்குப் பார்த்து இரண்டாவது ஷிப்ட்டுக்கு நிறுத்திக்கொண்டார்கள். கிளப் செயலாளரிடம் போய் நின்றேன். “கான்ட்ராக்ட்ல ஒரு அம்மாவை அனுப்பறேன், வெச்சுக்கோ” என்றார். மூன்று மணிக்கு வாசலில் ஓர் அம்மா வந்து எட்டிப் பார்த்தார். பருத்திச் சேலை, தோளில் பை. நான் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

“வாங்க வாங்க, ஏன் இவ்ளோ லேட்டு? இதைப் பிடிங்க. நெஞ்சுக்கு நேரா. ஒரு அடி பின்னால போங்க.”

அவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். (பிற்பாடு அவரே சொன்னது: “ஒளிஞ்சி பாக்கறதுக்குன்னு முன்னாடியே வந்தவ, நான்தான் மாப்ளயோட அம்மான்னு எந்த வாயால சொல்றது?”) செயலாளர் சொன்ன அம்மா அன்று வரவே இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் நான் பேசியதையெல்லாம் இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

“அசையாதீங்கம்மா!”

“அசையிலியே.”

“பேசினா அசையுது.”

“தும்மல் வருதும்மா.”

“பச்சை வந்ததும் தும்முங்க.”

அடக்கிக்கொண்டார், பாவம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நடுநடுவே, “நீ சாப்ட்டியாம்மா? இந்த வேலைய யாரு கத்துக் குடுத்தா? சமைக்கத் தெரியுமா?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். அட்டை பிடிக்க வந்தவருக்கு நான் சமைத்தால் என்ன, சமைக்காவிட்டால் என்ன என்று நினைத்தேன். “வெந்நீர் வைப்பேன். இடது பக்கம் சாயுங்க” என்றேன்.

இருபதாவது பச்சையும் வந்தது. ஆடிக்கொண்டே போய்ப் பட்டனைத் தட்டினேன்.

தெர்மாகோல் படிகள் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தன. சுரங்கம் முழுக்க அந்த அம்மாவின் மேல் ஏறியிருந்தது. தோளில் செம்மண், மார்பில் களிமண், இடுப்புக்குக் கீழே நிலக்கரி. அவர் பதறிப் பக்கவாட்டில் நகர்ந்தார். சுரங்கமும் கூடவே நகர்ந்தது. தட்டிவிடக் கையை வீசினார். கை பட்ட இடமெல்லாம் மண் சரிந்து நிலக்கரி வெளியே வந்தது.

நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ராமலிங்கம் அண்ணன் இரண்டு நாற்காலியைக் கீழே போட்டுவிட்டார். “ஏய், மைன்ஸ் நடந்து போவுதுடோய்!”

“ஏம்மா, மைன்ஸுக்கு எங்க நெலத்ததான் எடுக்கப் போறாங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க. நீ என்னா, எம்மேலயே தோண்டுற?” என்றார் அந்த அம்மா.

“பாத்துங்க, நஷ்ட ஈடு பேசிட்டு அப்புறம் நவுருங்க” என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அவர் சேலையைச் சரியாகப் பார்த்தேன். குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்தது. கருநீலமும் வெள்ளையுமாக, பளிச்சென்று கட்டம் கட்டமாக. கேமரா என் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரமாக அவர் சேலையில்தான் கட்டம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது! இருபது பச்சையும் சேலைக்கு வந்த பச்சை.

மணி நாலைத் தாண்டிவிட்டது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை, வாய் மட்டும் வேலை செய்தது.

“உங்க சேலைதான் பிரச்சனை. அதை மாத்த முடியுமா?”

“இதோ பாரு, நான் கட்டிக்கினு வந்ததே ஒரு சேலதான்.”

மேடை மேசைக்கு விரிக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை உருவினேன். அவரைச் சுற்ற ஆரம்பித்தேன். அப்போதுதான் அவர், வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார். ஒருத்தி வெள்ளை கட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு அவர் ஒரு மனுஷியாகத் தெரியவில்லை. கட்டம் இல்லாத ஒரு பரப்பாகத் தெரிந்தார்.

மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம். பத்தொன்பது பச்சை வந்துவிட்டது. கடைசிக்கு அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். வெள்ளையில் சுற்றிய உருவம் இரண்டு கையையும் உயர்த்தியபடி நிற்க, அதன் மேல் வெளிச்சம் விழ, வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் டீ கிளாஸ். கிளாஸ் கீழே விழுந்தது.

“அடியேய்! நான் இன்னும் உசுரோடதான்டி இருக்கறேன்!”

(என் மாமனார் அவர். மாமா இன்றைக்கும் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், “நான் செத்துப் பொழச்ச கதை தெரியுமா?” என்றுதான் இதைத் தொடங்குவார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியின் நீளம் ஒரு முழம் கூடும்.)

“பொண்ணு பாக்க அனுப்புனா உனுக்கு வெள்ள கட்டி உட்டுருக்கா! கெளம்பு!” என்று அவர் கத்தினார். பின்னாலேயே மல்லிகைப் பூப் பொட்டலத்தோடு அம்மா நுழைந்தாள். அவரைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள், என் தலையில் இருந்த தெர்மாகோலைப் பார்த்தாள். “அடிப்பாவி, அவங்கதான்டி குறிஞ்சிப்பாடி!” என்று சொல்லிவிட்டு அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாவதும் போச்சு. வெந்நீர் வைப்பேன் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேனே! பந்தல் போச்சு, அம்மாவின் முகம் போச்சு. லேப்டாப்பை மூடக் கையை நீட்டினேன்.

“மூடாத!”

அதட்டல் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து வந்தது. அட்டை தலைக்கு மேலே அசையாமல் நின்றது. “இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. மூணு மணியிலேர்ந்து கை மரத்துப் போயி நிக்கிறன். நடுவுல உட்டுட்டுப் போறதுக்கா?” கணவர் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினார். “நீ செத்த நேரம் கம்முனு இரு. நெழலு உழுவுது, தள்ளி நில்லு.”

மாமா தள்ளி நின்றார். மாமா, அம்மா, ராமலிங்கம் அண்ணன், நான் என்று நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தோம். பச்சை வந்தது.

பட்டனைத் தட்டினேன். வெள்ளைப் படிகளின் மேல் செம்மண் வந்து உட்கார்ந்தது. விளிம்புக்கு விளிம்பு, நூல் பிசகாமல். அந்த அம்மா அட்டையை மாமா கையில் திணித்துவிட்டு வந்து, மேல் படியில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார். அவர் கை போன வழியிலேயே மண் விலகியது. அடியில் நிலக்கரி.

“ஐய!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். இன்னொரு கையையும் வைத்தார். முழங்கை வரைக்கும் நீட்டி நீட்டி, மொத்தச் சுரங்கத்தையும் வெட்டித் தீர்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். என் அம்மாவுக்கோ கையெடுத்துக் கும்பிடுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை.

“சின்னப் பொண்ணுங்க, தெரியாம…” என்று ஆரம்பித்தாள்.

“தெரியாமதான். தெரிஞ்சிருந்தா சேலயக் கட்டிக்கினு தலையக் குனிஞ்சிக்கினு நின்னுருக்கும். அதுல நான் என்னத்தக் கண்டிருப்பேன்?”

மாமாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வெள்ளைத் துணியைத் தோளிலிருந்து இறக்காமலே நம்பரைத் தட்டினார்.

“டேய், நாளைக்கிக் காத்தால மொத பஸ்ஸுல கெளம்பி வா… இல்லடா, நான் பாத்துட்டன்… ஆமா, இப்ப அது ஒன்னப் பாக்கணும் இல்ல?”

போனை அப்படியே என் காதில் கொண்டு வந்து வைத்தார்.

“வந்து எங்க நிக்கணும்னு நீயே சொல்லிடும்மா” என்றவர், இரண்டு கையாலும் தோளை நீவிக்கொண்டே, மறுபடியும் மண்ணைத் தள்ளச் சுரங்கத்தின் பக்கம் போய்விட்டார்.