தலைவருக்கு முதல் ஊசி

"நான் நாலந்தா ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லு புள்ள," என்றார் ஸக்கரியா முதலாளி, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் குந்தியபடி.

"நர்ஸ் மிஸ்ஸி நம்ம கடை வாசல்லதான் மேசை போட்டு ஒக்காந்திருக்காங்க. எந்த வழியாப் போனீங்கன்னு கேட்டா?" என்றாள் மனைவி கைறுன்னிஸா.

"பறந்து போனேன்னு சொல்லு!"

நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்டுக்கான தடுப்பூசிக்கு ஆள் சேரவில்லை. போன தடவை கொண்டுவந்த மருந்து அப்படியே திரும்பிப் போனது. அதனால் நர்ஸ் சந்திரகாந்தா வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் வைத்து, ஸக்கரியாவைத் தலைவராக்கி மாலையும் போட்டாள். மாலை விழுந்த கழுத்து சும்மா இருக்குமா? "மொத ஊசி என்ட கையில!" என்று மாத்தளைக் கடைத்தெருவே கேட்க முழங்கிவிட்டார். தையல் ஊசியைக் கண்டாலே வியர்க்கிற மனிதர்.

கைறுன்னிஸா வெளியே போய் நாலந்தாக் கதையைச் சொன்னாள்.

"அப்ப காத்திருக்கோம்," என்றாள் சந்திரகாந்தா. "தலைவர் போட்டுக்கிறதப் பாக்கத்தானே இவங்கல்லாம் வந்திருக்காங்க."

தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். எதிர்க்கடை ஜமால்தீன் கல்லாவைப் பூட்டிவிட்டே வந்தார். கூட்டம் வாசலை அடைத்தது. உள்ளே தூசி மூக்கில் ஏற, முதலாளி தும்மினார்.

"நாலந்தா இவ்வளவு கிட்டத்துலயா இருக்கு?" என்றாள் தோட்டத்து அழகம்மா.

சிரிப்பு அடங்க நேரமானது. இனி ஒளிந்து பயனில்லை. முதலாளி உள்ளிருந்தபடியே பேரத்தைத் தொடங்கினார்.

"மிஸ்ஸி, பாதி மருந்து இப்ப. மீதி நோன்புப் பெருநாளைக்கு."

"சில்லறைக்கு விக்கிறதில்ல முதலாளி."

"சின்ன ஊசியாச்சும் காட்டுங்களேன்!"

அவள் எழுந்து வந்து காட்டினாள். முதலாளி பின்வாங்கினார். கட்டுகள் சரிந்தன. ரோஸ் நிற வொயில் சேலை ஒன்று உடம்பெல்லாம் சுற்றிக்கொள்ள, வாசல்வரை உருண்டு வந்தார்.

"கலியாணப் பொண்ணு வந்தாச்சு!" என்றார் ஜமால்தீன்.

நேற்றுவரை ஸலாம் சொன்னவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முகத்தை மூடச் சேலை கைவசம் இருந்தது ஒன்றுதான் ஆறுதல். மூடிய முகத்தோடு கையை மட்டும் நீட்டினார். ஊசி குத்தியதே தெரியவில்லை, சிரிப்புத்தான் குத்தியது.

"இவரே போட்டுக்கிட்டாரு, நமக்கென்னடி?" என்று அழகம்மா கையை நீட்ட, தெருவே வரிசையில் நின்றது. மருந்து தீர்ந்து மேசையை மடக்கும்வரை முதலாளி தலை நிமிரவில்லை.

மருந்துப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டே நர்ஸின் உதவியாள் மாடசாமி கேட்டான்:

"மிஸ்ஸி, அடுத்து யட்டவத்த ஊர்ல வைக்கிற கூட்டத்துக்கும் இவரு மாதிரியே ஊசிக்குப் பயந்தவரா விசாரிச்சுத் தலைவராப் போட்டுறட்டா?"