புத்தூர்க் கிணற்றுத் தண்ணீர் மணத்த விபரம்

தெல்லிப்பழை,
திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய அண்ணைக்கு,

கர்த்தருடைய தயவினால் நானும் மனைவி ரஞ்சினியும் உயிரோடும் ஓரளவு சமாதானத்தோடும் இருக்கிறோம். நிமலினி அண்ணியின் முழங்கால் வலி தணிந்ததா என்று அறிய விரும்புகிறோம். நேற்று ரொறன்ரோவிலிருந்து நீங்கள் கதைத்தபோது, காணி வாங்க வந்த ஜெரிசன் "உங்கடை கிணத்துக்குள்ளை கடல் வந்திட்டுது" என்று சொல்லிப் பின்வாங்கிவிட்டதாகவும், நான் அதைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றதாகவும் கூறினீர்கள். நான் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டபோது "வாயை மூடடா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். மூடிவிட்டேன். ஆனால் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு வாயை மூடினாலும் கை இருக்கிறது. ஆகவே நடந்தது முழுவதையும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புத்தூர்க் காணி உங்களுடையது, அப்பா உங்கள் பெயருக்குத்தான் உறுதிப் பத்திரம் எழுதினார், நான் வெறும் பராமரிப்பாளன். அதை நீங்கள் விற்பதில் எனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் அந்தக் காணியில் ஒரு கூட்டம் கூடுவது உண்மைதான். அது எங்கள் விமானக் கழகம். வெங்காயம் கிண்டியபிறகு தரை சும்மாதானே கிடக்கிறது என்று நான்தான் இடம் கொடுத்தேன். நாங்கள் செய்வது சண்டை விமானங்கள். பயப்படாதீர்கள், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையை வெட்டி ஒட்டி, சின்ன மோட்டரும் விசிறியும் பூட்டி, வாலில் நீளமாகச் சோடனைக் கடதாசி கட்டிப் பறக்கவிட்டு, கீழே நின்று றிமோட்டால் ஓட்டுவோம். ஒருவருடைய விமானத்தின் விசிறியால் மற்றவருடைய கடதாசியை அறுக்க வேண்டும். கடைசிவரை யாருடைய கடதாசி மிஞ்சுகிறதோ அவருக்கு வெற்றி. முட்டினால் இரண்டும் விழும், பசை போட்டு ஒட்டிவிட்டு மறுபடி ஏற்றுவோம். யாருக்கும் காயம் வராது, மனதில் கொஞ்சம் வரும். முதல்நாள் பார்க்க வந்த ரஞ்சினி, தலைக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டதும் தன்னையறியாமல் கிணற்றுக்கட்டோடு குந்திக் காதைப் பொத்திக்கொண்டாள். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சண்டைக் காலத்தில் நீங்களும் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து பார்த்தாள், மேலே ஒரு ரோசாக் கடதாசியும் ஒரு மஞ்சள் கடதாசியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அவள் சிரித்தாள், அண்ணை. இப்போது கடதாசி வெட்டித் தருகிறவளே அவள்தான். இந்த ஊர் வானத்தை நிமிர்ந்து பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தது இந்த வயதில்தான் என்பதை உங்கள் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன், காணி விற்பனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் விற்கும் ரெஜிபோம் மெல்லியது, ஒரு மோதலுக்கே தூளாகிவிடும். கழகத்தில் கனிசியஸ் என்று ஒருவர் இருக்கிறார், குருநகரில் மீன் வியாபாரம், நல்ல மனிதர். அவர்தான் "மீன் பெட்டி இருக்குது சேர், ஐஸ் போட்டு லொறியிலை எறிஞ்சாலும் உடையாது, அதிலை செய்வம்" என்றார். மூட்டையாகக் கொண்டுவந்தும் தந்தார். செய்து முடித்தபோது விமானங்கள் கல்லுமாதிரி இருந்தன. எங்கள் செயலாளர் தயாளினி பௌதிகம் படிப்பிக்கிற ரீச்சர், கண்டிப்பானவர், அவர் ஒன்றைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு "கனிசியஸ் அண்ணை, இது கழுவினதோ?" என்று கேட்டார். "கழுவி வெயிலிலையும் காயவைச்சனான். ஏன், மணக்குதோ? எனக்கொண்டும் மணக்கேல்லையே" என்றார் கனிசியஸ். பிறந்ததிலிருந்து மீனோடு இருக்கிற மனிதருக்கு மீன் மணக்காது என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். என்னிடம் கேட்டார்கள். என் மூக்கு தபால் கந்தோர்த் தூசியில் எப்போதோ செத்துவிட்டது, நானும் மணக்கவில்லை என்று சாட்சி சொன்னேன்.

ஜெரிசனைச் சனிக்கிழமை வரச் சொன்னது நீங்கள். கலியாண மண்டபம் கட்ட இடம் தேடுகிறவர் என்றும், மரியாதையாக நடக்கும்படியும் சொன்னீர்கள். அதைக் கழகத்தில் சொன்னபோது தயாளினி "அப்ப இந்தக் கிழமை விடுவம் சேர், காணி பாக்க வாற ஆளுக்கு முன்னாலை இது என்ன கூத்து" என்றார். நான்தான் பறக்கத்தான் வேண்டும் என்று நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது. காணிக்கு மேலால் மின்கம்பி ஒன்றும் போகவில்லை என்பதை வாங்குகிறவருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் நன்மையை மனதில் வைத்துத்தான் செய்தேன்.

ஜெரிசன் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, நல்ல பணிவு. அவர் வேலியோரம் நடந்து எல்லை பார்க்கத் தொடங்க, நாங்கள் அந்தப் புது விமானங்களை முதன்முதலாக ஏற்றினோம். ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் ஒரு காகம் வந்தது. அது போய் வேறு காகங்களைக் கூட்டி வந்தது. பனைகளிலிருந்து வந்தன, றோட்டிலிருந்து வந்தன, பக்கத்துக் காணியில் உழவுமிசினுக்குப் பின்னால் புழு பொறுக்கிக்கொண்டிருந்தவையும் அந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்தன. எல்லாம் எங்கள் விமானங்களுக்குப் பின்னால் மீன் மணத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றின. ஜெரிசன் வேலிக்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்து "என்ன ஐயா இவ்வளவு காகம்?" என்று கேட்டார். நான் பதில் யோசிக்குமுன் கனிசியஸ் "மண்டபம் வருகுதெண்டு அதுகளுக்கும் ஆரோ சொல்லிப்போட்டினம் போலை" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பருந்து இறங்கி என் விமானத்தின் கடதாசியைக் கவ்வியது. எதிரிக்கு அறுக்கக் கொடுக்கலாம், பருந்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நான் இழுத்தேன், அது இழுத்தது, கடதாசி அறுந்தது, விமானம் தலைகுப்புறப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. ஜெரிசன் அப்போது பின்பக்கப் பனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபடியால் காணவில்லை. கனிசியஸ் ஓடிப்போய்க் கிணற்று வாளியை விட்டு அதை அள்ளி எடுத்தார். உடைந்து ஊறிய மீன் பெட்டித் துண்டுகள் எல்லாம் அந்த வாளிக்குள்தான் வந்தன, வந்து கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே கிடந்தன.

எங்கள் பக்கத்தில் காணி வாங்க வருகிறவன் உறுதியைப் பார்க்கிறானோ இல்லையோ, கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் போகமாட்டான். ஜெரிசனும் வந்து வாளியைக் கேட்டார். கனிசியஸ் துண்டுகளைக் கொட்டிவிட்டு மரியாதையாக வாளியை நீட்டினார். ஜெரிசன் அள்ளினார், கையில் ஏந்தினார், குடித்தார், குடித்தபடியே நின்றார். பிறகு துப்பிவிட்டு "ஐயா, தண்ணி மீன் மணக்குது" என்றார். காகங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. கனிசியஸ் தாடையைச் சொறிந்தபடி "நிலாவரைக் கிணறு கிட்டத்தானே தம்பி, அதின்ரை அடி கடலோடை தொடுப்பெண்டு சொல்லுறவை, கீழாலை கடல் ஏறியிருக்கும்" என்றார். தயாளினி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்னவென்றால், "போன கிழமைவரைக்கும் நல்ல தண்ணிதான்." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜெரிசன் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ரஞ்சினியிடம் சொன்னேன். அவள் கறி கிளறுவதை நிறுத்தாமல் "நீங்கள் பொய் சொல்லேல்லை. பொய்யைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்" என்றாள். அண்ணை, ஓய்வுபெற்ற தபாலதிபருக்காக யாரும் காத்திருப்பதில்லை. வேலையில் இருந்தபோது ஊரே என் யன்னலுக்கு முன்னால் நின்றது, இப்போது கடைக்குப் போனால் மிச்சக் காசைத் தந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் அந்தக் காணியில் "சேர் இன்னும் வரேல்லையோ" என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். குருநகர் வீடொன்றில் முன்பு நான் ஒருநாளும் கை நனைத்ததில்லை, இப்போது கனிசியஸ் வீட்டு நண்டுக் கறியில் உறைப்புக் குறைந்தால் குறை சொல்லும் அளவுக்கு உரிமை வந்துவிட்டது. மண்டபம் வந்தால் இது போய்விடும், எனக்கு அது கவலைதான். ஆனால் கவலை வேறு, ஆட்சேபனை வேறு. வாளியை நன்றாகத் தேய்த்துக் கழுவுவேன், ஜெரிசனுக்கு நானே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன், நீங்கள் சொல்கிற இடத்தில் சாட்சிக் கையெழுத்தும் வைப்பேன். காணியை மனநிறைவோடு விற்றுவிடுங்கள்.

அண்ணியின் முழங்காலுக்காகவும் உங்கள் இரத்த அழுத்தத்துக்காகவும் ஞாயிறுதோறும் கோயிலில் பெயர் கொடுத்து ஜெபித்து வருகிறோம். ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், என்மேல் கொஞ்சம் பொறுமையையும் தந்தருளுவாராக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
ஜெபசீலன்.

பி.கு.: இதை மடித்து உறையில் வைக்கும்போது ஜெரிசன் வாசலில் வந்து நின்றார். "ஐயா, மணம் கிணத்திலையோ வாளியிலையோ எண்டு வீட்டை போய்த்தான் யோசிச்சன். இண்டைக்கு என்ரை வாளியைக் கொண்டுபோய் அள்ளிக் குடிச்சன். இளநி மாதிரி இருக்குது. அண்ணை கேட்ட விலைக்கே எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றார். நல்லது தம்பி என்று சொல்லத்தான் நினைத்தேன். "அண்ணை விக்கிற எண்ணத்தை விட்டிட்டார் தம்பி, திரும்பி ஊரோடை வந்து இருக்கப் போறாராம்" என்று என் வாயே சொல்லியது. ரஞ்சினி தேத்தண்ணியோடு வந்தவள் கோப்பையை அவர் கையில் கொடுத்து "ஓம் தம்பி, அண்ணியும் வாறாவாம்" என்றாள். அவர் நம்பிவிட்டார், சந்தோசப்பட்டும் போனார். ஆகவே அண்ணை, மேலே எழுதிய எதையும் பாராமல், விற்காதேயுங்கள். உங்களிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். வரவும் முடிந்தால் நாங்கள் சொன்னது பொய்யாகவே இராது, ரஞ்சினி இப்போதே முன்னறையை ஒதுக்கத் தொடங்கிவிட்டாள்.