கிடாரத்தில் ஒன்பது மாதம்

நான் அவசரத்தில் செய்த பிழைகள் சின்னவை. ஆறுதலாக யோசித்துச் செய்தவைதான் இன்றைக்கும் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன.

தொண்ணூறுகளில் ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை. மில்லிக்கனில் இருந்த வீட்டிலிருந்து போய்வருவதிலேயே பாதி உயிர் போய்விடும். கூட வேலைசெய்த பீற்றர், வீட்டிலேயே புளிப்பு பியர் காய்ச்சி ஒரு வருடம் ஊறவைக்கிறவன். ஒரு போத்தல் தந்தான். எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. (களைத்த மனிதனுக்கு இப்படி ஏதாவது வரும்.)

அறுபது லீற்றர் போட நினைத்தேன். எதில் ஊறவைப்பது? கண்ணாடிக் குடுவை என்றால், வீட்டுக்குள் குடி கூடாது என்று சட்டம் போட்ட என் மனைவி வாசுகிக்கு உள்ளே இருப்பது தெரியும். பிளாஸ்ரிக் வாளிக்குள் மெல்ல மெல்லக் காற்றுப் போய் வினாகிரியாகிவிடுமாம். மரப்பீப்பா எங்கள் பேஸ்மென்ற் படியில் இறங்காது. ஒரு மாதம் யோசித்த பிறகு மூலையில் இருந்த பெரிய சமையல் கிடாரம் கண்ணில் பட்டது.

அது எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் அலுமினியக் கிடாரம். ஜூலை ஒன்றுகூடலில் முந்நூறு பேருக்குக் கூழ் காய்ச்ச மட்டும் வெளியே போகும். அதைக் கழுவிப் பாதுகாப்பது வாசுகியின் பொறுப்பு. சங்கத்தில் அவளுக்கு அது ஒரு மரியாதை. செப்ரெம்பரில் ஊற்றி ஜூன் முடிவில் எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவள் வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை காய்ச்சி ஊற்றி, மூடியை இறுக்கிக் கட்டினேன்.

அந்த வருடம் ஒன்றுகூடலை ஜூன் தொடக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கும் சொன்னார்களாம், நித்திரைக் கலக்கத்தில் தலையாட்டியிருப்பேன். அதற்கு முதல்நாள் மாலை சங்கத் தலைவர் செல்வா அண்ணை வந்து, நேரே பேஸ்மென்றுக்கு இறங்கி மூடியைத் திறந்தார். மேலே பாலாடைபோல் சுருங்கிய வெள்ளைப் படலம். கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ. புளித்த மணம் வேறு.

"என்ன தம்பி, போன வருசக் கூழை ஊத்தாமலே வைச்சிருக்கிறீர்?"

பியர் என்பதைவிடக் கூழ் என்பது எனக்கு வசதியாகப் பட்டது.

"ஓம் அண்ணை. வாசுகி கழுவ மறந்திட்டா."

திரும்பினால் படியில் தேத்தண்ணித் தட்டோடு வாசுகி. போன ஜூலையில் இடுப்பு நோக மூன்று தரம் அதைத் தேய்த்துக் கழுவியவள். கிட்ட வந்து, மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். செல்வா அண்ணை வேறு கிடாரம் தேடிப் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால உண்மையைச் சொல்லுங்கோ. புளிச்ச சாமானை அலுமினியத்தில வைக்கக்கூடாதெண்டு தெரியாத ஆள் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அறுபது லீற்றரையும் வாளி வாளியாகப் படியேற்றி ஊற்றினேன். ஊற்றுமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தகரத்தை நக்கியது போல இருந்தது. கிடாரத்தின் உள்ளே குழிகுழியாக அரித்திருந்தது. பியர் போனதைவிட அவள் தலையில் பழியைப் போட்டதுதான் வலித்தது.

மறுநாள் பார்க்கில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணை, மிச்சம் கிடக்கோ?"

சங்கத்துக்குப் புது எவர்சில்வர் கிடாரம் வாங்கிக் கொடுத்தோம். அதுவும் வாசுகியின் பொறுப்பில்தான் இருக்கிறது. இன்றைக்கும் கூழ் பரிமாறுமுன் யாராவது என்னைக் கூப்பிடுவார்கள்.

"அண்ணை, ஒருக்கா மணந்து பாருங்கோ. இது இந்த வருசக் கூழ்தானே?"

நானும் அலுத்துப்போய், குனிந்து மணந்து பார்ப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து வாசுகியின் குரல் வரும்.

"மூண்டுதரம் கழுவினனான்."