துயரில் பங்கேற்கும் பேரூராட்சி

எல்லையில் ஒருவன் நின்றால், ஊரில் அவன் வீட்டார் யாரும் நிம்மதியாக உட்காருவதில்லை. இந்த உண்மை அரசுக்குத் தெரியவந்து, அதற்கென ஒரு திட்டம் பிறந்து, திட்டத்துக்கு ஒரு பெயரும், பெயருக்கு ஒரு கோப்பும், கோப்புக்கு ஒரு நாடாவும் கிடைத்தபோது மார்ச் மாதம் பிறந்திருந்தது. 'படைவீரர் குடும்ப மன அமைதி மேம்பாட்டுத் திட்டம்' என்பது பெயர். உள்ளாட்சிகள் தத்தம் எல்லைக்குள் வசிக்கும் படைவீரர் குடும்பத்தினரின் மனத்துயரை மார்ச் முப்பத்தொன்றுக்குள் நீக்கி, நீக்கியதற்கான புகைப்படங்களை இணைத்து அனுப்ப வேண்டும். நீக்கப்படாத துயருக்கான நிதி திரும்பப் பெறப்படும்.

எங்கள் பேரூராட்சி காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் தெருவுக்குக் குடிநீர் வருவது நின்றுவிடும். இப்போதும் வருவதில்லைதான், ஆனால் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் நின்றுவிடும்.

செயல் அலுவலர் காசிவிஸ்வநாதன் நேர்மையான மனிதர். வந்த நிதியைத் திருப்பி அனுப்பிய பழக்கம் அவருக்குக் கிடையாது. ஊரில் துயரம் எங்கே இருக்கிறது என்று அவர் விசாரிக்கத் தொடங்கிய அன்றே துயரம் மனுவோடு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. வந்தவள் ரேணுகா. தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. கணவன் சரவணகுமார் ராணுவத்தில் நாயக். வடக்கே, பனி பெய்யும் ஓர் இடத்தில்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். எங்க அத்தைக்குத்தான்" என்றாள்.

அத்தை என்பது மாமியார் அன்னக்கிளி. எல்லையில் சண்டை என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து அவருக்கு வாசலில்தான் காது. புதுவயல் அரிசி ஆலைக்குப் போகும் நெல் லாரி என்றால் பேசாமல் இருப்பார். பைக் என்றால் தலையைக் கூடத் திருப்பமாட்டார். ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் கையில் இருப்பது கீழே விழும். ஜீப்பில் வந்து இறங்கித்தான் அந்தச் செய்தியைச் சொல்வார்கள் என்று டிவியில் பார்த்திருக்கிறார். மகன் போன் பேசினால்தான் சோறு. பனி விழுந்து டவர் கிடைக்காத நாட்களில் பட்டினி. அவரைத் தனியே விட முடியாமல் ரேணுகா போட்ட விடுப்பெல்லாம் தீர்ந்து, வேலையே போய்விடும் நிலைமை.

"மாசத்துல ஒரு தடவை, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் சத்தமில்லாம வந்து அத்தைகூடப் பேசிட்டுப் போனாப் போதும் சார்."

"சத்தமில்லாம செஞ்சா, செஞ்சதா எப்படிம்மா காட்டுறது?" என்றார் காசிவிஸ்வநாதன். நியாயமான கேள்வி. அவரே தொடர்ந்தார்.

"ஆலோசகர் நியமனத்துக்குத் தனி ஆணை வரணும். அது வரல. தொடக்க விழாவுக்கு ஆணை வந்துருச்சு. பயனாளியை வீட்டுக்கே போய் கௌரவிக்கலாம்னு இருக்கு. நாங்களே வர்றோம்."

"எப்படி வருவீக?"

"ஜீப்புலதான்."

"சார், அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொன்னேன்! ஆட்டோல வாங்க சார். நடந்துகூட வரலாம், பக்கந்தான்."

"அரசுப் பணிக்கு அரசு வாகனம். நடந்து வந்தா, ஏன் நடந்தீகன்னு தணிக்கையில கேப்பாகம்மா. அதுக்கு நான் என்ன எழுதுவேன்? 'பயனாளி ஜீப்புக்குப் பயப்படுகிறார்'னா? ஜீப்புக்குப் பயப்படுறதுதான் நோய்னா, ஜீப்பைக் காட்டாம எப்படிக் குணப்படுத்துறது?"

இந்தத் தர்க்கத்தை அவர் தாமே வியந்து, பக்கத்தில் இருந்த தாளில் குறித்துக்கொண்டார்.

திட்டத்துக்குப் பயிற்சியாளர் ஒருவர் தேவைப்பட்டார். நித்யஸ்ரீ கிடைத்தார். பழைய நகரத்தார் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் உள்முற்ற வளவில் பாய் விரித்து, வெளியூர்க்காரர்களுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்து வருபவர். உள்ளூர்க்காரர்கள் அதை இலவசமாகவே செய்து வந்ததால் அவருக்கு இங்கே வாடிக்கை குறைவு. அவர் அலுவலக ஊழியர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தார். துயரப்படுகிறவர் வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். சிரிக்கக் கூடாது. போனதும் பேசிவிடக் கூடாது, முதலில் மௌனம். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்ல வேண்டும். ஊழியர்கள் கண்ணாடி முன்னால் நின்று பழகினார்கள். வரி வசூலில் இருந்தவருக்கு மட்டும் முகம் தானாகவே அப்படி அமைந்திருந்தது.

பிளெக்ஸ் வேலை போட்டோக்கடை கலீல் ரகுமானுக்குப் போனது. காசிவிஸ்வநாதன் சரவணகுமாரின் சீருடைப் படத்தை அனுப்பிவிட்டு, போனில் வாசகத்தைச் சொன்னார். எல்லாம் சுற்றறிக்கையில் உள்ள சொற்கள்தான்.

"'தாய்நாட்டுக்காகத் தன்னை அர்ப்பணித்த படைவீரர் சரவணகுமார் அவர்களின் குடும்பத் துயரில் பங்கேற்கும் பேரூராட்சி நிர்வாகம்.' எழுதிக்கிட்டீகளா?"

கலீல் எழுதுவதை நிறுத்தினார். "எப்ப சார் தகவல் வந்துச்சு?"

"போன வாரம். மாவட்டத்துல இருந்து."

"வீட்டுக்குத் தெரியுமா சார்?"

"நாளைக்குக் காலையில நேர்ல போய்த்தான் விவரமாச் சொல்லப்போறோம். அதுவரைக்கும் நீங்க யாருட்டயும் சொல்லிக்கிற வேணாம்."

"இன்னா லில்லாஹி" என்று, சாவுச் செய்தி கேட்டால் சொல்வதை முணுமுணுத்தார் கலீல். சின்ன வயதில் தன் கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து, சிரிக்காதே என்று சொல்லியும் சிரித்த பையன். அவர் படத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு குத்துவிளக்கு வைத்தார். விளக்குக்குக் காசு வேண்டாம் என்றும் முடிவு செய்தார்.

மறுநாள் காலையில் தெருமுனையில் பிளெக்ஸ் எழுந்தது. அதைத் தாண்டி ஜீப் உள்ளே வந்தது.

அன்னக்கிளியின் கையிலிருந்த தம்ளர் விழுந்தது. ஜீப்பிலிருந்து இறங்கினவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை. கௌரவிக்கப்பட வேண்டியவர் ஊரில் இல்லாத பட்சத்தில் அவரது திருவுருவப் படத்துக்கு மாலை அணிவிக்கலாம் என்று நெறிமுறைகளில் ஒரு பிரிவு இருந்தது. அதன்படி, கூடத்தில் மாட்டியிருந்த சரவணகுமார் படத்துக்கு மாலை போட்டார்கள். பிறகு பயிற்சியில் சொன்னபடி தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். மௌனம் முடிந்ததும் காசிவிஸ்வநாதன் அன்னக்கிளியின் கையைப் பிடித்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்குங்க."

அன்னக்கிளி அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"அடி ஆத்தீ! போயிட்டியாப்பு!" என்று எதிர்வீட்டு ஒச்சம்மாள் வாசலில் நின்றபடியே தொடங்கினாள். அதற்குமேல் தெருவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே பந்தல்காரர் வந்து கம்பு ஊன்றினார். காளையார்கோவில் சொந்தக்காரர்களுக்குப் போன் போயிற்று. எங்கள் தெருவில் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சரவணகுமார் சிரித்தான்.

ஜீப்பில் கூடவே வந்திருந்த நித்யஸ்ரீயின் கண்கள் கலங்கிவிட்டன. "இவ்வளவு திறந்த மனசோட ஒரு சமூகத்தை நான் பார்த்ததே இல்ல. அழுங்க, நல்லா அழுங்க. உள்ள வச்சுக்காதீங்க. மூச்சை மட்டும் மெதுவா விடுங்க."

"மூச்சே நின்னுபோச்சுங்கிறேன், மெதுவா விடணுமாம்ல!" என்று ஒச்சம்மாள் அவரைத் தள்ளிவிட்டு அழுதாள்.

வந்திருப்பது பேரூராட்சி என்பது ரேணுகாவுக்குத் தெரியும். மனுக் கொடுத்தவளே அவள்தான். "அத்தை, இவுக நம்ம ஆபீஸ்காரவுக, அவருக்கு ஒண்ணும் இல்ல" என்று கத்தினாள். அழுகையில் அது யாருக்கும் கேட்கவில்லை. சரவணகுமாருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பெண். தெருமுனைப் பிளெக்ஸை யாரோ படமெடுத்து அவளுக்கே அனுப்பியிருந்தார்கள். இரண்டு குத்துவிளக்குக்கு நடுவில் அவள் கணவன். அப்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை உண்மையாகவே ஏதாவது தகவல் வந்து, அதைச் சொல்லத் தெரியாமல்தான் இவர்கள் இப்படி நிற்கிறார்களோ?

காசிவிஸ்வநாதனின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்: "சார், அவுக உசுரோட இருக்காகளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

காசிவிஸ்வநாதன் யோசித்தார். முன்பே சொன்னேன், நேர்மையான மனிதர்.

"அது எங்க அலுவலக வரம்புக்குள்ள வராதும்மா. பாதுகாப்புத் துறைதான் சொல்லணும். இருக்காருன்னு நான் எப்படி உறுதி குடுக்க முடியும்?"

ரேணுகா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறிக்கைக்குப் படமெடுக்க அவர்களோடு வந்திருந்த புகைப்படக்காரர் அந்தக் கணத்தைத் தவறவிடவில்லை.

உச்சி வெயில் நேரத்தில் அவள் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. கம்பளிக் குல்லாயோடு சரவணகுமார்.

"என்ன ரேணுகா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? டூட்டில இருந்தேன். என்ன, வீட்ல கூட்டமா இருக்கு? யாருக்கு என்ன?"

ரேணுகா போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். ஒச்சம்மாள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஒனக்குத்தாம்ப்பு."

அன்னக்கிளி போனைப் பிடுங்கி, மகன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "சாப்ட்டியாடா?" என்றார். "சாப்ட்டேம்மா" என்றான். "அப்ப எனக்கும் போடுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

காளையார்கோவில் வேன் அப்போதுதான் வந்து நின்றது. கையில் மாலையோடு இறங்கிய சித்தப்பா விவரம் கேட்டு மகிழ்ந்தார். "அப்ப, இல்லையா?" என்றார் இரண்டு தடவை. "நல்லதாப் போச்சு. என்ன, ஆபீஸ்ல ரெண்டு நாளு லீவு சொல்லிட்டு வந்துட்டோம்." எங்கள் தெருவும் மகிழ்ந்தது. ஆனாலும் ஸ்டேட்டஸை யாரும் உடனே எடுக்கவில்லை. மறுநாள் அது தானாகவே போய்விடும் அல்லவா?

மாவட்டத்துக்கு அறிக்கை போயிற்று. ஒரு குடும்பம் என்பது இலக்கு. ஒரு தெருவே மனம்விட்டு அழுதது சாதனை. பயனாளி அன்னக்கிளி உணவு உட்கொள்ளத் தொடங்கினார் என்பது கூடுதல் தகவல். இதில் பொய் ஒன்றும் இல்லை. வரவேண்டிய ஜீப் வந்து போய்விட்டது. இனி எதற்குப் பயம் என்று அன்னக்கிளி உண்மையிலேயே தேறிவிட்டார். ஜீப் சத்தம் கேட்டால் இப்போது, "பேரூராட்சிக்காரப் பயலுகளா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கிறார்.

பயம் மருமகளிடம் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் ஜீப் திரும்பினால் ரேணுகாவின் கையிலிருந்து சாக்பீஸ் விழுகிறது. போனில் அந்த நிதானமான பெண் குரல் கேட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

பொறுத்துப் பார்த்து, ஏப்ரல் கடைசியில் அன்னக்கிளியே மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். "எம் மருமககூடப் பேச ஒரு ஆளு வேணும்யா. பாவமா இருக்கு."

காசிவிஸ்வநாதனின் முகம் மலர்ந்தது. புதிய நிதியாண்டு, புதிய ஒதுக்கீடு. "ஆலோசகருக்கு ஆணை இன்னும் வரலம்மா. அதனால என்ன, நாங்க இருக்கோம்ல? நேர்லயே வர்றோம். இந்தத் தடவை பேண்டு வாத்தியமும் உண்டு."

அன்னக்கிளி மனுவை மேசையிலிருந்து எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எம் மருமகளுக்கு ஒரு கொறையும் இல்ல. எழுதித் தரவா?"

எழுதிக் கொடுத்தார். செய்தி பரவியதும், ஜீப் நம் வாசலுக்கும் வந்துவிடக் கூடாதே என்று ராணுவத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எழுதிக் கொடுத்தார். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே இராத ஒச்சம்மாளும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் நாங்கள் எல்லோரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாவட்டத்திலேயே மனத்துயர் முற்றிலும் நீங்கிய முதல் பேரூராட்சி என்று எங்களுக்குக் கேடயம் தரப்போகிறார்களாம். அதை வாங்கிவர ஜீப் நாளைக் காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. எல்லோரும் இன்றே கதவைச் சாத்திவிட்டோம்.