ஷூவுடன் மேட் மேல் ஏறியது பற்றி அத்தானுக்கு ஒரு விளக்கம்

பெருங்களத்தூர்,
ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் மதிப்பிற்குரிய அசரியா அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் தனசிங் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் ஞானஜோதியும் மகள் சுஜியும் தேவகிருபையால் இருக்கிறோம். ‘சுகமாக’ என்ற சொல்லையும் சேர்க்கத்தான் நினைத்தேன், ஆனால் இடது முழங்கை இன்னும் முழுசாக மடங்காததால் அதை விட்டுவிட்டேன். நாகர்கோவிலில் தங்கள் சர்க்கரையும் அக்காவின் மூட்டுவலியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவல். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று தங்களுக்குத் தோன்றும். அக்கா என் போனை எடுப்பதில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டாள். அட்மின் அவள்தானே, நான் யாரிடம் போய் முறையிட முடியும்? ஆகவே ஸ்பீட் போஸ்ட்.

தங்கள் மகன் ஃபிரெடி குழுவில் போட்ட வீடியோவைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் ஷூ காலோடு ஓடிவந்து பதிமூன்று வயதுப் பெண் குழந்தையின் கணுக்காலைப் பிடிக்கிறான், அடுத்த நொடி அந்தக் குழந்தை அவனைத் தூக்கிப் போடுகிறது, பின்னணியில் நாதஸ்வரம். அந்த ஆள் நான்தான், மறுக்கவில்லை. நாதஸ்வரம் ஃபிரெடி சேர்த்தது. ஆனால் வீடியோ மொத்தம் பதினாலு விநாடி. அதற்கு முன்னால் நடந்த பதினாலு மாதத்தைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அத்தான்.

சுஜி குஸ்திக்குப் போனது என் சம்மதத்தோடுதான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் சொல்லி, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய லாரி ஷெட்டில் வீராசாமி மாஸ்டர் நடத்துகிற பயிற்சியில் சேர்த்தோம். மல்யுத்தம் என்றால் மரியாதையாகக் கைகொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளுவார்கள் போல என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் வாரம் முழங்கையில் தோல் உரிந்து வந்தாள். தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன், அவர் குஸ்தி மேட் விரிப்பு உரசியது என்றார். இரண்டாம் வாரம் காது சிவந்து வந்தாள், காது டாக்டரிடம் போனோம். மூன்றாம் வாரம் மூக்கில் நகக் கீறல், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன், கீறலுக்கு யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை என்று டெக்னீஷியன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தாங்கள் சிரிப்பீர்கள். நான் இருபத்தாறு வருஷமாக இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து அறிக்கை படிக்கிறவன் அத்தான், ‘சாதாரணமாக நடந்துகொண்டிருந்தபோது’ என்றுதான் ஒவ்வொரு அறிக்கையும் ஆரம்பிக்கும், முடிவது எலும்பு வார்டில். அதனால் தினமும் ஷெட்டுக்குப் போய் மேட் ஓரமாக நின்று, “கழுத்து, கழுத்து, பார்த்து, பார்த்து” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“சார், நீ வந்து நின்னா பசங்க பயப்படுது.”

“சுஜி பயப்படுறாளா மாஸ்டர்?”

“சுஜி பயப்படல. மத்த பசங்கதான் பயப்படுது. கேட்டுக்கு அந்தாண்ட நின்னுக்கோ.”

ஒரு வருஷம் நான் கேட்டுக்கு அந்தாண்டதான் நின்றேன், மழையிலும் நின்றேன். என் பொறுமைக்கு இதை ஒரு சாட்சியாக அக்காவிடம் தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் மாவட்டப் போட்டி. அங்கே பெற்றோர் உள்ளே உட்காரலாம் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தது, ஆகவே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். ஞானஜோதி வரவில்லை, பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அவளுக்கு அன்றைக்கு வேதபாடம் எடுக்கும் முறை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஃபிரெடி சும்மா பார்க்கிறேன் என்று என் பக்கத்தில் உட்கார்ந்தான், கையில் போன், அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுஜிக்கு எதிராளி கேளம்பாக்கத்துப் பெண், சத்யப்ரியா என்று பேர், சுஜி எடைதான், ஆனால் கை இரண்டும் தோணிக் கயிறு மாதிரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் சுற்றில் நாலுக்கு நாலு சமமாக இருக்கும்போது அந்தப் பெண் சுஜியின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து ஒரு புரட்டுப் புரட்டினாள். சுஜி மல்லாக்க. இரண்டு தோளும் மேட்டைத் தொட்டால் தோற்றதாக அர்த்தமாம், அதனால் தொடாமல் இருக்கத் தலையையும் குதிகாலையும் மட்டும் ஊன்றி நடு உடம்பை வில்லு மாதிரி வளைத்து நிற்கிறாள். இதற்குப் ‘பிரிட்ஜ்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மேலே அந்தப் பெண் முழு பாரத்தோடு கிடக்கிறாள், அவள் முழங்கை என் பிள்ளையின் தாடையில். என் பிள்ளை முகம் கத்தரிக்காய் கலருக்குப் போய்விட்டது. நடுவர் என்ன செய்கிறார் என்றால், குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன எதையோ தேடுகிறவர் மாதிரி அவள் தோளுக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “கழுத்து” என்று கத்தினேன். ஒருத்தரும் திரும்பல. அப்புறம் என்ன ஆச்சுன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லை அத்தான். மூணாவது வரிசையில இருந்தவன், அடுத்தபடியா எனக்குத் தெரிஞ்சது அந்தப் பொண்ணோட கணுக்கால் என் கையில.

அந்தப் பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியாது. பின்னாலிருந்து யாரோ காலைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதைச் செய்தது. திரும்பிப் பார்க்காமலேயே சுஜியை விட்டது, சுழன்றது, என் முழங்காலைச் சேர்த்துப் பிடித்தது, எழுபத்தெட்டு கிலோவையும் தூக்கிப் போட்டது. ஹாலில் ஆறு ஃபேன் ஓடுகிறது, எல்லாம் தெரிந்தது. மேலே ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது என் முகத்தைப் பார்த்தது. “சாரி அங்கிள்” என்றது. அதற்குள் நடுவர் பழக்க தோஷத்தில் மேட்டைத் தட்டிவிட்டார். என் ரெண்டு தோளும் தொட்டுடுச்சாம்.

அந்தப் பெண்ணின் அம்மா முத்தாலம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “இன்னா சார், கொயந்தைங்க ஆடிக்கினு கீது, நீ இன்னாத்துக்குப் பூட்ஸு காலோட ஏறிக்கினு வர்ற?” என்று கேட்டுக்கொண்டே என் முழங்கையை அழுத்திப் பார்த்து, “ஒடையல. பெசகிக்கினு கீது” என்றார். பிறகு ஆஸ்பத்திரியில் இதையேதான் அரைமணி நேரம் பார்த்துச் சொன்னார்கள்.

அப்பா குறுக்கே வந்ததால் ஆட்டம் சத்யப்ரியாவுக்கு என்று அறிவித்தார்கள். வீராசாமி மாஸ்டர் என் ஷூவைத்தான் பார்த்தார். வெளியில் போட்ட ஷூவோடு மேட் மேல் ஏறுவது சர்ச் ஆல்டரில் ஏறுகிற மாதிரி என்று ஃபிரெடி எனக்கு விளக்கினான். வீடியோவை நிறுத்திவிட்டுத்தான் விளக்கினான்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் சுஜி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கூடுவாஞ்சேரி தாண்டும்போது, “இன்னும் பத்து செகண்ட் விட்டிருந்தா அவளைத் திருப்பிப் போட்டிருப்பேன்பா” என்றாள். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் இன்றோடு பத்து நாள், என்னோடு பேச்சில்லை. ஒரே மேஜையில் எதிர் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். உப்பு என் பக்கத்தில் இருக்கிறது. “அம்மா, உப்பு வேணும்னு சொல்லு” என்கிறாள். ஞானஜோதி என்னைப் பார்த்து, “உப்பு வேணுமாம்” என்கிறாள். நான் உப்பை ஞானஜோதியிடம் கொடுக்கிறேன். மேஜை மூன்றடி, அத்தான். அந்த உப்பு சுற்றி வருகிற வழியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது.

மாஸ்டரிடம் போய் நின்றேன். பத்து செகண்டில் ஜெயிக்க இருந்த பிள்ளையைத் தோற்கடித்துவிட்டேன், என்ன பரிகாரம் என்று கேட்டேன். “மொதல்ல போய் அந்தப் பொண்ணாண்ட மன்னிப்பு கேளு சார், மத்தது பாத்துக்கலாம்” என்றார். அப்படியே போன சனிக்கிழமை கேளம்பாக்கம் மார்க்கெட்டுக்குப் போனேன். மன்னிப்பை எழுத்திலேயே தயாரித்திருந்தேன், ‘மேற்படி தேதியில் மேற்படி இடத்தில் தங்கள் வலது கணுக்காலைப் பற்றிய செயலுக்கு’ என்று தொடங்கும். முத்தாலம்மாளுக்குக் கை முழுக்க மீன், “நீயே பட்ச்சிக் காட்டு” என்றார். படித்தேன். சங்கரா மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த நாலு பேர் பேரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பக்கத்தில் ஸ்கூல் பையோடு நின்ற சத்யப்ரியா தரைக்குள் போய்விடலாமா என்று பார்த்தாள். முடித்ததும் மெதுவாக, “பரவால்ல அங்கிள். ஆனா கணுக்காலப் புடிச்சா நிக்காது. முட்டிக்குப் பின்னால புடிக்கணும்” என்றாள். குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் முத்தாலம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். போன வருஷம் ஒரு போட்டியில் அவர் பெண்ணை எவளோ கழுத்தோடு அமுக்கினாளாம். இவர் தலையில் கூடை வைக்கிற சும்மாட்டை எடுத்து நடுவர் மேல் வீசிவிட்டாராம், பழைய சும்மாடு, மீன் தண்ணீர் ஊறியது. அதிலிருந்து ஆட்டத்தப்போ உள்ளே போகிறதில்லை. “வெளிய நின்னு காதாலதான் கேட்டுக்குவேன் சார். அன்னிக்கு நீ தொப்புனு வுயுந்த பாரு, எம்பொண்ணுதான் வுயுந்துட்ச்சின்னு உள்ள ஓடியாந்தேன். பார்த்தா நீ. அப்பதான் எனுக்கு மூச்சே வந்துச்சு.”

என் வாழ்க்கையில் என்னைப் புரிந்துகொண்ட முதல் ஆள் இந்த அம்மாதான் என்று தோன்றியது. ஞானஜோதியிடம் இதைச் சொல்லவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு, கேளம்பாக்கத்துப் பிள்ளைகள் தாம்பரம் ஷெட்டுக்குக் கூட்டுப் பயிற்சிக்கு வந்தார்கள். நானும் முத்தாலம்மாளும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். முழுசாக ஒரு மணி நேரம். உள்ளே தொப், தொப் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த அம்மா “இது உன்னுது”, “இது என்னுது” என்று சொன்னார். எனக்கு வேர்த்து ஊத்துது. ஆனாலும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கலை அத்தான், ஒரு தடவைகூட எழுந்திருக்கலை. பிள்ளை விழுந்தால் எழுந்துகொள்வாள் என்ற ஞானம் எனக்கு வந்துவிட்டது. நான் மாறிவிட்டேன். இதை எந்தச் சபையிலும் சாட்சியாகச் சொல்லத் தயார்.

ஆகவே தங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, அக்காவிடம் பக்குவமாகப் பேசி என்னைக் குழுவில் மறுபடி சேர்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு, வருகிற சனிக்கிழமை மாநில அணிக்கான தேர்வு நடக்கிறது, சுஜிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் உள்ளே போகமாட்டேன், போகவும் விடமாட்டார்கள். தாங்கள் இருபது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர், எதற்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர் என்று பேர் எடுத்தவர். வெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து, என் இடத்தில் தாங்கள் உட்கார வேண்டும். என் தப்பால் அவள் இழந்த ஜெயத்தை அவள் திரும்ப வாங்குகிறதைக் குடும்பத்தில் ஒருத்தராவது பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

அக்காவுக்கு என் அன்பு. அவள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தங்கள் போக்கையும் வரத்தையும், விசேஷமாக வெள்ளிக்கிழமை வரத்தை, ஆசீர்வதிப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தனசிங்

பி.கு.: மாமா, இது சுஜி. கவரை ஒட்டி போஸ்ட் பண்ணச் சொல்லி அப்பா அம்மாகிட்ட கொடுத்தார், அம்மா என்கிட்ட கொடுத்தாங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சேன், தப்புதான். ஞாயித்துக்கிழமை டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்கலைன்னு எழுதியிருக்கார். ஷெட் ஜன்னல்ல ஒரு மணி நேரமா ஹெல்மெட் போட்ட ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டே இருந்தார். ஹெல்மெட் போட்டா யாருன்னு தெரியாதுன்னு நினைச்சுட்டார். அவர் தோளுக்குப் பக்கத்துல சத்யாவோட அம்மாவும் எட்டிப் பார்த்தாங்க, அவங்க ஹெல்மெட்கூட போடல.

அது போகட்டும். அந்த பத்து செகண்ட் விஷயம் பொய் மாமா. விட்டிருந்தா நான் தோத்திருப்பேன். கழுத்துல பலம் போயிடுச்சு, தோள் தொட ஒரு விரல் இடம்தான் பாக்கி. யாராவது வந்து நிறுத்துங்கன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன், அப்பா வந்துட்டார். ரயில்ல என்ன சொல்றதுன்னு தெரியாம வாயில அது வந்துடுச்சு. அவர் அதை அப்படியே நம்பி மாஸ்டர்கிட்ட வரைக்கும் போய் அழுதிருக்கார். நான் கோபத்துல பேசாம இல்லை. பேசினா சொல்லிடுவேன், அதான் பேசல.

நீங்க சனிக்கிழமை கண்டிப்பா வாங்க. ஜெயிச்சா நானே அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். தோத்தா நீங்க சொல்லிடுங்க.