துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

எனக்குத் தமிழ் தெரியும் என்று இருபத்து மூன்று வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்த இடம் மரைன் ஹில்லில் ஒரு வீட்டுக் கூடம். உடைத்தது வேறு யாருமில்லை, என் வாய்தான்.

நான் பிறந்து வளர்ந்தது அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில். அப்பாவும் அம்மாவும் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணோடும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரப் பிள்ளைகளோடும் சண்டை, சமாதானம் எல்லாம் இந்தியில்தான். தமிழ் எனக்குச் சோறு கேட்கவும் திட்டு வாங்கவும் பயன்பட்ட மொழி. (இரண்டிலும் நல்ல தேர்ச்சி.)

அந்த மொழியில் அம்மா எனக்கு அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்த மரியாதைகள் இரண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், "நல்லா இருக்கீங்களா?" கிளம்பும்போது, "போயிட்டு வர்றேன்." வெறுமனே "போறேன்" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. ஒருமுறை பள்ளிக்கூட அவசரத்தில் "போறேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடியவளைத் திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்லவைத்து அனுப்பினாள். பஸ் போயே போய்விட்டது.

சின்னையா மாமா இறந்தபோது அப்பாவும் அம்மாவும் மெயின்லேண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குச் சிறுவயதில் வந்து சேர்ந்தவர். பிறகு ஹேடோவில் துறைமுக வேலை. அப்பா முதன்முதலில் கப்பலிலிருந்து இறங்கி, போக இடமில்லாமல் நின்றபோது, தன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போய் நான்கு மாதம் சோறு போட்டவர் அவர்தான்.

அப்பா போனில் அழுதார். அவர் அழுது நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"உடனே டிக்கெட் கெடைக்கல. நீ போம்மா. நம்ம வீட்டு ஆள் ஒண்ணாவது அங்க நிக்கணும்."

அம்மா போனை வாங்கினாள். "எழவு வீட்டுல யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. நீ பாட்டுக்கு உள்ள போ. பாக்கியம் அத்தை கையைப் புடிச்சுக்கிட்டு உக்காரு. கெளம்பும்போது மட்டும் சொல்லிக்..."

லைன் போய்விட்டது. (தமிழில் 'செய்', 'செய்யாதே' இரண்டும் சொல்லின் வாலில்தான் இருக்கின்றன. எங்கள் தீவு நெட்வொர்க் சரியாக அந்த வாலைத்தான் கடித்துத் தின்னும்.) 'சொல்லிக்கிட்டுக் கெளம்பு' என்று வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து அவள் சொன்னது அதுதானே?

மாமாவை மரைன் ஹில் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி பாக்கியம் அத்தை. பக்கத்தில் மாமாவின் தங்கை வேலம்மா. அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்தே கச்சாலிலிருந்து வந்து தங்கியிருந்தவர். நான் போய் அத்தையின் கையைப் பிடித்தேன். அதுவரை சரி. அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் திறந்துகொண்டது.

"நல்லா இருக்கீங்களா அத்தை?"

நல்லவேளை, ஒப்பாரிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மதியம் மாமாவை எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார்கள். எனக்கு உள்ளூர அவர்கள்மேல் கோபம். புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்? அம்மா வளர்த்த பெண் எப்படி என்று காட்டலாம் என எழுந்தேன். அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னேன்.

"போயிட்டு வர்றேன் அத்தை."

அழுகை நின்றது. முற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

வேலம்மா எழுந்துவிட்டார். "என்னா புள்ள சொல்ற? எழவு வீட்டுல வர்றேன்னு சொல்ல ஏலுமா? இன்னொரு எழவா கேக்குற?"

அப்போதுதான் புரிந்தது. துக்க வீட்டுக்குத் திரும்ப வருவதென்றால், அங்கே இன்னொரு துக்கம் நடந்தாக வேண்டும். தப்பைச் சரிசெய்ய வேண்டும், அதுவும் உடனே. என் தமிழில் 'வர்றேன்' என்பதற்கு எதிர்ச்சொல் ஒன்றுதான் இருந்தது.

"ஐயோ, மாஃப் கரோ... இல்ல அத்தை! நான் வரல. இனிமே இந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்!"

மன்னிப்பு இந்தியில் வந்தாலும், இதையும் தெளிவாகத்தான் சொன்னேன். அதன் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஏறி கராச்சர்மா வந்துதான் மூச்சு விட்டேன்.

மூன்றாம் நாள் மாமாவின் நான்கு வயதுப் பேத்திக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "அந்தப் புள்ள வாய் வெச்சிட்டுப் போச்சு" என்று வேலம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சேதி கடல் தாண்டி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் திட்டவில்லை. "முப்பது வருஷப் பழக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார். திட்டியிருக்கலாம்.

அது கொசு கொடுத்த காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். குழந்தை இருந்த வார்டுக்குள் நுழையத் தைரியமில்லை. வராந்தாவில் நின்று, நர்ஸிடம் இந்தியில் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். எந்த மொழியில் வேண்டிக்கொண்டால் சாமிக்குத் தப்பாகப் படாது என்றே தெரியவில்லை. அதனால் கையை மட்டும் கூப்பினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கி, குழந்தை ஜிலேபி கேட்டது என்று நர்ஸ் சொன்னபோது படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள்.

"நான் எப்படிம்மா வர்றது? வரவே மாட்டேன்னு சொல்லியாச்சே."

"அதுக்காகவே நீ வரணும். நட" என்றாள் அம்மா.

போனோம். வேலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன். பாக்கியம் அத்தை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு அருகில் உட்காரவைத்தார்.

"அன்னைக்கு யாருமே சொல்லிக்கிட்டுப் போகல. சொல்லக் கூடாதுதான், நம்ம முறை அது. ஆனா நான் நிமிந்து பாக்குறப்பல்லாம் பக்கத்துல ஒரு ஆள் கொறைஞ்சிருந்துச்சு. நீ ஒருத்திதான் சொன்ன." அத்தை கொஞ்சம் நிறுத்தினார். "அதுலயும் ரெண்டு விதமா சொன்ன. நல்லா இருக்கீங்களான்னு வேற கேட்ட."

கேட்டிருக்கிறது! எனக்கு அந்தத் தரை பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. அத்தையோ சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. "அவரு இருந்திருந்தா ஒரு வருசத்துக்கு இதையே சொல்லிச் சிரிச்சிருப்பாரு" என்று என் தோளில் சாய்ந்துகொண்டார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. நான் நிலைப்படியில் நின்றேன். பதினாறாம் நாள் துக்கக் கணக்கா, சாதாரணக் கணக்கா? சொல்ல வேண்டுமா, கூடாதா? அம்மா கண்ணைக் காட்டினாள். அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நகராமல் நின்றேன். கடைசியில் பொறுக்க முடியாமல் வேலம்மாதான் வாயைத் திறந்தார்.

"இன்னைக்கு சொல்லலாம் புள்ள. சொல்லித் தொலை!"

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகாத ஞாயிற்றுக்கிழமை குறைவு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அத்தை என்னை "வரவே மாட்டேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். "அப்பிடிச் சொன்னாத்தான் நீ சரியா வர்ற" என்பார். நாளடைவில் அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த இரண்டு சொல்லுக்கு, 'சீக்கிரம் வருகிறேன்' என்பதைத் தவிர வேறு பொருள் இப்போது கிடையாது.

கல்யாணமாகி நான் சென்னைக் கப்பல் ஏறிய அன்று ஹேடோவுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தை என் கன்னத்தைத் தடவி, "சொல்லிட்டுப் போ புள்ள" என்றார்.

"வரவே மாட்டேன் அத்தை" என்று விம்மினேன். "வரவே மாட்டேன்ப்பா."

எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற என் கணவரின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. தஞ்சாவூர்க்காரர், தமிழில் பட்டம் வாங்கியவர். அவருக்கு இதைப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் கப்பல் பயணம் முழுதும் தேவைப்பட்டது.