ஜனாதிபதியின் வாயிலிருந்து வந்த சொல்

நான் நின்றுகொண்டே கனவு காண்கிற ரகம். கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், வாய் "சரி சார்" என்றுகூடச் சொல்லும். ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டான். பிள்ளைகளே, உங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பால் வாங்கப் போய், ஏரியில் கொக்கைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, வெறும் தூக்கோடு வீடு திரும்பிய அப்பன்தானே நான். அந்தக் கனவு ஒரு தடவை ஒரு நாட்டு ஜனாதிபதியின் மேலேயே போய் விழுந்தது. சரியாகச் சொன்னால், அவர்தான் என் மேல் விழுந்தார்.

எந்த நாடு, எந்த ஜனாதிபதி என்று எழுத மாட்டேன். அவர் படத்தைப் பெரிதாகப் போட்டு ஒருமுறை பட்ட பாடு போதும்.

வடக்குப்பட்டில் எங்கள் கம்பெனி இருக்கிறது. (கம்பெனி என்றதும் ஒரகடம் சாலையில் மைல் கணக்கில் மதில் சுவர் ஓடுமே, அதை நினைக்காதீர்கள். அந்த மதில்களுக்கு நடுவே கொஞ்சம் வெட்கத்தோடு ஒதுங்கி நிற்கிற ஒரு தகர ஷெட்.) கார் கதவு ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் ஓடும், மழைத் தண்ணீர் உள்ளே வராமல். அதற்குப் பெயர் பீடிங். அதைத்தான் செய்கிறோம். நான் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். அதாவது பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு, லாரி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பவன். அந்தப் பெட்டி கப்பல் ஏறுவதையும், தெரியாத ஊரில் தெரியாத மழையில் யாரோ ஒரு குழந்தை நனையாமல் காருக்குள் உட்கார்ந்திருப்பதையும் நான் அங்கே நின்றபடியே பார்ப்பேன்.

பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்த நாட்டுக்குத்தான் போயின. அந்த வருடம் அவர்களுடைய ஜனாதிபதி வெளியிலிருந்து வரும் சாமான்களுக்கு வரியை ஏற்றினார். பிறகு நிறுத்தி வைத்தார். மறுபடியும் ஏற்றினார். எங்கள் முதலாளி தயாளன் சார், செல்போனில் அந்த ஜனாதிபதி இன்றைக்கு என்ன சொன்னார் என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினார். மண்ணூரில் பிறந்த மனிதருக்கு இப்படியொரு விதி.

கடைசியில், எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனியின் பெரியவர் நேரிலேயே வருவதாகத் தகவல் வந்தது. பெயர் கிளிஃபர்ட். பார்த்துவிட்டு, ஆர்டரைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்தான் முடிவு செய்வார். நிறுத்தினால் பீடிங் லைன் நின்றுவிடும். அந்த லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்கள். "ஊருக்குப் போங்கம்மா" என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது.

"ஏகாம்பரம், வர்றவருக்கு ஒரு குறை இருக்கக் கூடாதுய்யா. கேட்டாண்ட ஒரு ஃபிளெக்ஸ் வெச்சிடு. மரியாதையா இருக்கணும்," என்றார் தயாளன் சார்.

மரியாதை. அந்த ஒரு வார்த்தை போதும், நான் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் மெல்லிய பனிபோல் தூசி. கண்டெய்னர் லாரிகள் கப்பல்போல் மிதந்து போயின. டீ கிளாஸோடு நான் நின்ற இடத்திலேயே கனவு விரிந்தது. கிளிஃபர்ட் காரிலிருந்து இறங்குகிறார். இத்தனை கடல் தாண்டி வந்த இடத்தில் தன் நாட்டுத் தலைவரின் முகத்தைப் பார்க்கிறார். கண் கலங்குகிறார். என் கையைப் பிடித்துக்கொள்கிறார். (டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.) நம் ஊரில் யார் வந்தாலும், வந்தவரைவிட அவர் தலைவரின் படத்தைப் பெரிதாகப் போடுவதுதானே முறை? உலகம் முழுக்க அதுதான் முறை என்று முழுமனதாக நம்பினேன்.

ஃபிளெக்ஸ் கடை அன்பு, கேட்டதும் குஷியாகிவிட்டான். "ஃபாரின் தலைவரா! இன்னாண்ணா நீ, முன்னாடியே சொல்லக் கூடாதா? பட்டம் போடாம தலைவர் படமா? மொட்டையா கீது பாரு," என்றவன், யாரோ ஒரு வட்டச் செயலாளருக்கு எழுதி வைத்திருந்ததைக் கொஞ்சம் மாற்றிப் போட்டான்.

'நிகரில்லாத் தலைவரே! பொருளாதாரப் புலியே! அயலுறவு அரிமாவே! வருக! வருக!'

நடுவில் ஜனாதிபதி, காலை அகட்டி நின்று, லாரி முகப்பளவு சிரித்தார். கீழே ஒரு மூலையில், ஈமெயிலில் வந்த படத்தை வெட்டி, தபால் தலை அளவில் கிளிஃபர்ட். எதிர் மூலையில் கைகூப்பியபடி தயாளன் சார். அவர் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக நான். (வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.)

"காத்துக்கு ஓட்டை போட்டுடவாண்ணா? ஆடி மாசம். பிறை பிறையா வெட்டி வுட்டாத்தான் காத்து பூந்து போவும். இல்லாங்காட்டி பட்டமாட்டம் தூக்கிக்கினு பூடும்."

"முகத்துலயா? ஒரு நாட்டு ஜனாதிபதிப்பா!"

"சரி, வாய்ல மட்டும் ஒண்ணு போட்டுக்கறேன். சிரிப்போட சிரிப்பா பூடும், தெரியாது."

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, உதட்டு ஓரமாகவே ஒரு பிறை வெட்டி, துண்டை எடுக்காமல் மடிப்பாக விட்டான். உண்மையில் தெரியவே இல்லை. தொழில்காரன்.

கிளிஃபர்ட் வந்த நாள் காலையில் வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. கார் நின்றது. நெட்டையான, வெள்ளை மீசை வைத்த மனிதர் இறங்கினார். நான் கயிற்றோரம் நின்று அவர் கண்ணையே பார்த்தேன், எப்போது கலங்கும் என்று. அவர் அண்ணாந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கவில்லை. காது சிவந்தது.

மொழிபெயர்க்க நின்றவள் முத்துமாரி, எங்கள் தர ஆய்வு இன்ஜினியர், தென்காசிப் பக்கத்துப் பெண். அவர் ஏதோ கேட்க, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கேக்காரு."

"சொல்லும்மா, நல்லாச் சொல்லு," என்றேன், இன்னமும் கனவில்.

நிகரில்லாத் தலைவர் என்பதை அவள் சொல்லி முடித்ததும், பெரியவர் ஒரு விரலை நீட்டிப் பேச ஆரம்பித்தார். முத்துமாரி குரலைத் தாழ்த்தி எங்களுக்குச் சொன்னாள். "தலைவர்னா சொன்ன சொல்லுல நிக்கணுமாம். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பேசுதவரு என்ன தலைவர்னு கேக்காரு. தப்பு பண்ணா ஒத்துக்கிடணுமாம். இந்த வாயிலேருந்து ஒரு நாளாவது 'சாரி' வந்திருக்கான்னு கேக்காரு."

அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. பிறை மடிப்பு படபடவென்று அடித்துக்கொள்ள, ஜனாதிபதி வாயைத் திறந்து மூடித் திறந்தார். பதில் சொல்வதுபோலவே இருந்தது. பெரியவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, குரலை உயர்த்தினார்.

தயாளன் சார் என் காதோரம் வந்தார். "யோவ், எதிர்க்கட்சி ஆள்யா இவரு! இன்னாத்த வெச்சிருக்க நீ?"

முத்துமாரி அதை நாசூக்காகக் கேட்டாள். பெரியவர் பலமாகத் தலையை ஆட்டினார். "இல்லையாம் சார். காலமெல்லாம் இவரு கட்சிக்குத்தான் ஓட்டாம். அப்பா, தாத்தா எல்லாரும் அப்படித்தானாம். பழைய வழக்கம் பாக்குத ஆளு. தன் கட்சி ஆளத்தான் தட்டிக் கேக்கணும், அடுத்த கட்சிக்காரன் திட்டினா அது வயித்தெரிச்சல்னு போயிரும்னு சொல்லுதாரு."

இரண்டாவது விரல் நீண்டது. பொருளாதாரப் புலி. "கடன் வாங்கிச் செலவு பண்ணுததுக்குப் புலி எதுக்குன்னு கேக்காரு. வரியப் போட்டா வெளிநாட்டுக்காரன் கட்டுவான்னு சொன்னாராம். கட்டுதது இவரு கம்பெனியாம். யாவாரத்துக்கு வழிய விட்டு அரசாங்கம் ஒதுங்கி நிக்கணுமாம்." ஜனாதிபதி மறுபடி படபடத்தார். "பாருங்க, இன்னமும் பேசுதாருன்னு சொல்லுதாரு," என்று அதையும் மொழிபெயர்த்தாள். நல்ல பொறுப்பான பெண்.

மூன்றாவது விரல் அயலுறவு. "சிநேகிதக்காரங்ககிட்ட சத்தம் போடுதாரு, வம்புக்காரங்களோட சிரிச்சுப் படம் எடுக்காரு. அம்பது வருசமாச் சேத்து வச்ச நல்ல பேர ஒரு வாரத்துல செலவழிச்சிட்டாருங்காரு. அப்புறம் அண்ணாச்சி..." அவள் ஃபிளெக்ஸின் கீழ் மூலையைக் காட்டினாள். "அவரு காலுக்குக் கீழ என் படம் எதுக்குன்னு கேக்காரு."

பார்த்தேன். ஜனாதிபதியின் பளபளக்கும் பூட்ஸ், சரியாகக் கிளிஃபர்ட்டின் நெற்றி மேல்.

பேச்சு அதோடு நின்றது. பெரியவர் ஷெட் பக்கம் திரும்பக்கூட இல்லை, கார் பக்கம் திரும்பினார். தயாளன் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஷெட் வாசலில் லைன் பெண்கள் நீலக் கோட்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் வைத்திருந்த வரவேற்பு ரோஜாக்களைப் பார்த்ததும்தான் என் கனவு முழுதாகக் கலைந்தது. அந்த ஃபிளெக்ஸை உடனே இறக்கிவிட வேண்டும் என்று ஓடிப்போய் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு பக்கத்தை மட்டும். ஆடிக்காற்றில்.

அப்புறம் நடந்தது எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக நடந்ததாகத்தான் நினைவு. ஜனாதிபதி பாய்மரம்போல் உப்பினார். ஃபிளெக்ஸைக் கட்டியிருந்த சவுக்குக் கம்பு முனகியது. கயிற்றைப் பிடித்திருந்த என் கால் தரையை விட்டது. (ஒரு சாண்தான் என்கிறார்கள். எனக்கு மரங்களின் உச்சி தெரிந்தது.) பிறகு அந்த மாபெரும் சிரிப்பு என்னை நோக்கி இறங்கி வந்தது, சாயங்காலம் இறங்குவதுபோல.

உள்ளே அமைதி. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நிம்மதியான இடத்தில் நான் இருந்ததே இல்லை. கன்னத்தின் வழியே ரோஜா நிறத்தில் வெளிச்சம் ஊறி வந்தது. தலைமுடி இருந்த பக்கம் பொன்னிறம். வெளியே எல்லாரும் கத்துவது தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. இப்படியே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் ஓரிடத்தில் மட்டும் பிறைபோல் வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. அதை நோக்கித் தவழ்ந்தேன், தலையை விட்டேன், வெளியே வந்துவிட்டது. தலை மட்டும்.

எதிரே கிளிஃபர்ட்டின் ஷூ. நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மனதாரச் சொன்னேன்.

"சாரி சார். வெரி வெரி சாரி."

பெரியவர் குனிந்து பார்த்தார். ஜனாதிபதியின் வாய்க்குள் என் மூஞ்சி. அவர் மீசை நடுங்கியது. பிறகு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், கார் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்க! கனவில் நான் பார்த்த அதே கண்ணீர். காரணம்தான் வேறு.

"என்னம்மா சொல்றாரு?" என்றேன் வாய்க்குள்ளிருந்தே.

முத்துமாரிக்கும் சிரிப்பில் பேச்சு வரவில்லை. "இந்த வாயிலேருந்து... இந்த வார்த்தைக்குத்தான்... இத்தன வருசமா காத்திருந்தாராம், அண்ணாச்சி!"

அவரே குனிந்து மடிப்பை விலக்கி என்னை வெளியே எடுத்தார். அதன்பிறகு ஷெட்டுக்குள் போனார். பீடிங்கை வளைத்தார், இழுத்தார், தண்ணீரில் முக்கினார், நகத்தால் கீறினார். ரப்பர் விஷயத்தில் சிரிப்பே கிடையாது அவருக்கு. கடைசியில், "வரி என் கையில் இல்லை, சரக்கு நன்றாக இருக்கிறது, பாதி ஆர்டர் தொடரும்" என்றார். பாதி போயிற்றே என்று தயாளன் சார் பெருமூச்சு விட்டார். ஓவர்டைம் அடியோடு நின்றது, இரண்டாவது ஷிஃப்ட் பெண்களை உள்ளூர் கார் கம்பெனிக்கான பீடிங் வேலைக்கு மாற்றினோம். ஆனால் "ஊருக்குப் போங்கம்மா" என்று நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரோஜாக்களை அந்தப் பெண்கள் என் தலையில் கொட்டினார்கள். கிளிஃபர்ட் கிளம்பும்போது அந்த வாய்க்குள் என் தலை இருந்தபோது முத்துமாரி செல்போனில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு வரவேற்பறையில் நான் ஜனாதிபதியின் நாக்காக இன்னமும் தொங்குகிறேனாம்.

ஃபிளெக்ஸைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதுதான் நம் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கிற இடத்துக்குக் கூரை. முகம் உள்பக்கம். நீங்கள் சின்ன வயதில் அந்தச் சிரிப்பின் கீழ்தான் குளித்தீர்கள்.

அதன்பிறகு இந்த வீட்டில் நான் படும் பாட்டை உலகில் எந்த ஜனாதிபதியும் பட்டிருக்க மாட்டார். யாரையும் கேட்காமல் தவணையில் சோபா வாங்கினால், "பொருளாதாரம் பூட்ச்சு," என்று உங்கள் அம்மா ஒரு விரலை மடக்குவாள். அவள் தம்பி வீட்டு விசேஷத்தில் நான் முகம் கொடுத்துப் பேசாமல் வந்தால், "அயலுறவும் பூட்ச்சு." வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏரிக்கரையில் நின்றுவிட்டால் தலைமையும் போய்விடும். மூன்று விரலும் மடங்கியபிறகு யாரும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்வதில்லை. உங்களில் சின்னவள் கயல்தான் பின்கட்டைக் காட்டுவாள்.

"அப்பா, ஓட்டையில தலைய வுடு."

போய் விடுவேன். ஸ்டூல் மேல் ஏறி, கூரையின் அந்தப் பிறைக்குள் தலையை நுழைத்து, "சாரி, வெரி வெரி சாரி," என்பேன். கீழே நீங்கள் சிரிக்கிற சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். மேலே வானம், தூரத்தில் ஏரி, கரையில் ஒரு கொக்கு.

பெரும்பாலும் அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்குகிறேன்.